உங்களுக்குத் தெரியுமா? குலசை வானமும் கணினி வானமும்

உடன்குடி என்றதும் கருப்பட்டிதான் நினைவுக்கு வரும். இனி ராக்கெட்டும் வரும். ஊருக்குத் தென்கிழக்கே ஐந்தாறு கிலோமீட்டரில், குலசை என்று நாம் சொல்லும் குலசேகரன்பட்டினத்தில், இந்தியாவின் இரண்டாவது ஏவுதளம் எழுகிறது. கொஞ்ச நாளைக்கு முன் உடன்குடி பஸ் ஸ்டாண்ட் பக்கம் டீக்கடையில் ஒரு பிளஸ் டூ பையன் என்னைப் பிடித்துக்கொண்டான். அக்காவுக்கு அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினியில் விண்வெளி விளையாட்டு ஆடுகிறவன். “அண்ணாச்சி, குலசையில நெசமான ராக்கெட் கெளம்புறதுக்குள்ள நான் ஆடுற கேம கம்பெனிக்காரன் மூடிட்டாம்னா என்ன செய்ய? நான் கட்டுன கப்பல் எல்லாம் எங்க போவும்?” என்றான். உலகம் முழுக்கப் பலர் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி அது. இந்த வாரப் பக்கம் அவனுக்காக.

★ குலசை ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று பிரதமர் அடிக்கல் நாட்டினார். அன்றைக்கே ஆர்எச்-200 என்ற சிறிய ஆய்வு ராக்கெட் ஒன்று குலசைக் கடற்கரையிலிருந்து புறப்பட்டது. கட்டடம் எழும்பும் முன்பே நம் வானத்தில் முதல் புகைக்கோடு விழுந்துவிட்டது! மாதவன்குறிச்சி, படுக்கப்பத்து, பள்ளக்குறிச்சி வட்டாரத்தில் 2,200 ஏக்கருக்கு மேல் நிலம் எடுக்கப்பட்டிருக்கிறது.

★ “நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால்தான் குலசையைத் தேர்ந்தெடுத்தார்கள்” என்று ஊரில் பலர் சொல்கிறார்கள். அது பாதிதான் சரி. கிழக்கு நோக்கி ஏவும் ராக்கெட்டுக்குத்தான் பூமி சுழலும் வேகம் கைகொடுக்கும். குலசையில் அந்த வேகம் நொடிக்குச் சுமார் 460 மீட்டர், ஸ்ரீஹரிகோட்டாவில் சுமார் 452 மீட்டர். பெரிய வித்தியாசம் இல்லை. இங்கிருந்து பறக்கப்போகும் சிறிய ராக்கெட்டுகளில் பலவும் வடக்குத் தெற்காக, துருவங்களுக்கு மேல் சுற்றும் பாதைக்குப் போகிறவை. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே விட்டால் இலங்கை குறுக்கே நிற்கும். அதனால் முதலில் தென்கிழக்கே போய், கடலுக்கு மேல் வளைந்து, பிறகு தெற்கே திரும்ப வேண்டும். பிஎஸ்எல்வி போன்ற பெரிய ராக்கெட் அந்தச் சுற்றுவழியைத் தாங்கும். 34 மீட்டர் உயரமும் 120 டன் எடையும் கொண்ட எஸ்எஸ்எல்வி என்ற சிறிய ராக்கெட் அந்த வழியில் போனால், தூக்கிப் போக வேண்டிய செயற்கைக்கோளின் எடையைத்தான் குறைக்க வேண்டியிருக்கும். குலசையிலிருந்து நேர் தெற்கே பார்த்தால் அண்டார்க்டிகா வரை பெருநிலம் எதுவும் இல்லை. நம் கடற்கரையின் மதிப்பே அந்த வெறுங்கடல்தான்.

★ இந்தத் திருப்பக் கணக்கைப் பாடப்புத்தகத்தில் படித்தால் மண்டையில் ஏறாது. மெக்சிகோவில் ஸ்குவாட் என்ற நிறுவனம் 2011-ல் வெளியிட்ட ‘கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்’ விளையாட்டில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் ஏறிவிடும். தாழ்ந்த பாதையில் சுற்றும் கலம் நொடிக்குச் சுமார் 7.6 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதன் பாதையை வெறும் 10 பாகை திருப்பினால் போதும், நொடிக்கு 1.3 கிலோமீட்டர் வேகத்துக்கான எரிபொருள் அதிலேயே தீர்ந்துவிடும். விளையாட்டில் வரும் கெர்பின் என்ற கிரகத்தின் ஆரம் 600 கிலோமீட்டர்தான், பூமியில் பத்தில் ஒரு பங்கு. அங்கே எல்லாம் எளிது. நம் பூமியின் உண்மையான அளவில் ஆட ரசிகர்களே ‘ரியல் சோலார் சிஸ்டம்’ என்று ஓர் இணைப்பு செய்து வைத்திருக்கிறார்கள். அதில் ஆடிப் பாருங்கள். இஸ்ரோ ஏன் குலசைக்கு வந்தது என்பதை யாரும் விளக்க வேண்டியிருக்காது.

★ இஸ்ரோவுக்கும் ஒரு ‘சிமுலேட்டர்’ உண்டு. அதை உருவாக்கியதில் முதன்மையானவர் நம் பக்கத்துக்காரர். குமரி மாவட்டம் சரக்கல்விளையில் பிறந்து, அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, பின்னாளில் இஸ்ரோ தலைவரான கே. சிவன்தான் அவர். சித்தாரா என்பது அந்த மென்பொருளின் பெயர். ராக்கெட் ஆறு வகையில் அசையும். மணப்பாட்டுக் கடலில் ஒரு வள்ளத்தைக் கவனித்தால் ஆறும் தெரியும். முன்பின்னாகப் போவது, பக்கவாட்டில் ஒதுங்குவது, அலையில் ஏறி இறங்குவது, மூக்கு தூக்குவது, இடம் வலமாகச் சாய்வது, திசை திரும்புவது. இந்த ஆறையும் ஒரே நேரத்தில் கணித்து, ராக்கெட் எங்கே எப்படிப் போகும் என்று முன்கூட்டியே ஓட்டிப் பார்ப்பதுதான் சித்தாராவின் வேலை. ஏவும் நாளில் அடிக்கும் காற்றைக் கணக்கில் எடுத்துப் பாதையைத் திருத்தும் முறையை வகுத்ததிலும் சிவனுக்குப் பெரிய பங்கு உண்டு. கணினிக்குள் ராக்கெட் விடுவதைச் சின்னப்பிள்ளை விளையாட்டு என்று யாராவது சொன்னால், இதைச் சொல்லுங்கள்.

★ கணினிக்குள் மட்டுமல்ல, மண்ணிலும் ஒத்திகை உண்டு. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் கிடைக்கும் அனார்த்தசைட் பாறையைப் பொடித்துச் செய்த மண்ணில்தான் சந்திரயான் தரையிறங்கு கலத்துக்கும் ஊர்திக்கும் இஸ்ரோ ஒத்திகை பார்த்தது. நிலா மண்ணுக்கு அவ்வளவு நெருக்கம்.

★ பலர் ஒன்றாக வலைப்பின்னலில் ஆடும் விண்வெளி விளையாட்டு இன்றைய தலைமுறையின் கண்டுபிடிப்பு இல்லை. அதற்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது! அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ‘பிளேட்டோ’ கணினி வலையில் 1974 மார்ச்சில் ஜிம் போவரி என்பவர் ‘ஸ்பாசிம்’ என்ற விளையாட்டை எழுதினார். 32 பேர் ஒரே நேரத்தில், ஆளுக்கொரு கலத்தோடு, முப்பரிமாண வெளியில் பறக்கலாம்.

★ அதே 1974-ல் தமிழ்நாட்டில் வேறொன்று நடந்தது. தாம்பரத்தில் உள்ள சென்னை கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி இருவரும் கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து, நம் வாசல் கோலத்தைக் கணினி இலக்கணமாக எழுதி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். முழுக் கோலத்தையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. எத்தனை புள்ளி, எந்த விதி என்று தெரிந்தால் எவ்வளவு பெரிய கோலத்தையும் இழுத்துவிடலாம் என்பது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்த சங்கதி. அதைக் கணிதமாக ஆக்கிக் காட்டினார்கள். இன்றைய விண்வெளி விளையாட்டுகள் கோடிக்கணக்கான விண்மீன்களைப் படைப்பதும் இதே வழியில்தான். படத்தைச் சேமித்து வைப்பதில்லை, விதியை மட்டும் வைத்திருக்கின்றன.

★ 1984-ல் டேவிட் பிராபென், இயன் பெல் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ‘எலைட்’ என்ற விளையாட்டை பிபிசி மைக்ரோ கணினிக்கு எழுதினார்கள். அதன் நினைவகம் 32 கிலோபைட். இன்றைக்கு வாட்ஸ்அப்பில் வரும் ஒரு ‘காலை வணக்கம்’ படம் அதற்குள் அடங்காது. அந்த இடத்தில் எட்டு விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 விண்மீன்கள், ஒவ்வொன்றுக்கும் பெயர், சந்தை, விலைப்பட்டியல்! எல்லாம் புள்ளியும் விதியும் செய்த வேலை.

★ 2014-ல் வந்த ‘எலைட் டேஞ்சரஸ்’ அதன் பேரப்பிள்ளை. நம் பால்வீதியையே அதே அளவில் கணினிக்குள் கொண்டுவந்தது. 40,000 கோடி விண்மீன்கள். உலகெங்கிலும் இருந்து ஆட்கள் ஆண்டுக்கணக்கில் பறந்தும் நூற்றில் ஒரு பங்கைக்கூடப் பார்த்து முடிக்கவில்லை. சுமார் 40 ஒளியாண்டு தொலைவில் டிராப்பிஸ்ட்-1 என்ற மங்கிய விண்மீனைச் சுற்றி ஏழு கோள்கள் இருப்பதாக 2017-ல் வானியலாளர்கள் அறிவித்தபோது விளையாட்டுக்காரர்கள் திகைத்துப்போனார்கள். ஏறக்குறைய அதே இடத்தில், அதே போன்ற ஒரு விண்மீன் குடும்பத்தை விளையாட்டின் விதிகள் அதற்கு முன்பே உருவாக்கி வைத்திருந்தன.

★ 2016-ல் வந்த ‘நோ மேன்ஸ் ஸ்கை’யில் உள்ள கோள்களின் எண்ணிக்கை 1,84,467 கோடி கோடியைத் தாண்டும். இந்த எண்ணை நீங்கள் சின்ன வயதிலேயே கேட்டிருக்கிறீர்கள். சதுரங்கக் கட்டத்தில் முதல் கட்டத்துக்கு ஒரு நெல், அடுத்ததற்கு இரண்டு, அடுத்ததற்கு நான்கு என்று ராஜாவிடம் பரிசு கேட்ட கதை இருக்கிறதே, அதில் 64 கட்டத்துக்கும் சேர்ந்து வரும் மொத்த நெல்மணியைவிட ஒன்றே ஒன்று அதிகம்! நொடிக்கு ஒரு கோள் என்று பார்த்தாலும் எல்லாவற்றையும் பார்த்து முடிக்க 58,000 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அந்த வானத்தை நடத்தும் ஹலோ கேம்ஸ் என்ற சிறிய நிறுவனம் எத்தனை ஆண்டு இருக்கும் என்பதுதான் டீக்கடைப் பையன் கேட்ட கேள்வி.

★ சரி, எது நீண்ட நாள் வாழ்கிறது? ஐஸ்லாந்தில் ரெய்க்யவிக் நகரத்து சிசிபி நிறுவனம் 2003 மே 6 அன்று தொடங்கிய ‘ஈவ் ஆன்லைன்’ இருபது ஆண்டுகளைக் கடந்தும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் 7,000க்கு மேற்பட்ட விண்மீன் குடும்பங்கள், சீனாக்காரர்களைத் தவிர எல்லாரும் ஒரே உலகத்தில். மற்ற விளையாட்டுகள் கூட்டம் சேர்ந்தால் பிரதி எடுத்து ஆட்களைப் பிரித்துவிடும். இங்கே உடன்குடிப் பையன் கட்டும் கப்பலும் நார்வேக்காரர் கட்டும் கப்பலும் ஒரே சந்தைக்குத்தான் வரும். 2013-ல் சந்தாதாரர்கள் 5 லட்சத்தைத் தொட்டபோது, அது ஐஸ்லாந்து நாட்டின் மக்கள்தொகையைவிட அதிகம். 2007-ல் அந்த நிறுவனம் தன் விளையாட்டுச் சந்தையைக் கவனிக்கவே ஒரு பொருளாதார அறிஞரை வேலைக்கு வைத்தது. எயோல்ஃபுர் குட்மண்ட்சன் என்ற அவர் பிறகு ஒரு பல்கலைக்கழகத்துக்கே தலைவராகப் போனார். 2008 முதல் ஆடுகிறவர்கள் ஓட்டுப் போட்டுத் தங்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்கள் ஐஸ்லாந்துக்கே போய் நிறுவனத்தோடு உட்கார்ந்து பேசுகிறார்கள். 2014-ல் ரெய்க்யவிக் துறைமுகத்தில் ஆட்டக்காரர்களின் பெயர்களைப் பொறித்த நினைவுச்சின்னம் ஒன்றையும் எழுப்பினார்கள். வேறு எந்த விளையாட்டு நிறுவனம் தன்னிடம் வந்தவர்களை இப்படிக் குடிமக்களாக நடத்தியிருக்கிறது?

★ ஒரு வாடகைப் பாக்கியால் 21 மணி நேரப் போர் மூண்ட கதை தெரியுமா? 2014 ஜனவரி 27 அன்று ஈவ் உலகில் ஒரு கூட்டணி, தான் பிடித்து வைத்திருந்த மண்டலத்துக்குக் கட்ட வேண்டிய தொகையைக் கட்டாமல் விட்டது. காவல் விலகியது. எதிரிகள் பாய்ந்தார்கள். 7,000க்கு மேற்பட்டோர் கலந்துகொண்டார்கள். ‘டைட்டன்’ எனும் மிகப்பெரிய கப்பல்கள் 75 அழிந்தன. பணக் கணக்கில் 3 லட்சம் டாலருக்கு மேல் இழப்பு என்று மதிப்பிட்டார்கள். அத்தனை பேர் ஒரே இடத்தில் குவிந்தால் சர்வர் படுத்துவிடாதா? ஈவ் அதற்கு ஒரு நல்ல வழி கண்டிருக்கிறது. கூட்டம் மிஞ்சினால் விளையாட்டுக்குள் ஓடும் நேரத்தையே மெதுவாக்கிவிடும், பத்தில் ஒரு பங்கு வேகம் வரைக்கும். யாரையும் வெளியே தள்ளாமல், எல்லாருக்கும் ஒரே அளவில் காலத்தை நீட்டுவது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு.

★ ஈவ் ஆன்லைன் தினமும் சில நிமிடம் மூடித் திறக்கும். உலகப் பொது நேரப்படி காலை 11 மணிக்கு. நம் ஊர் மணிக்கு மாலை 4.30, பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வீடு திரும்பும் நேரம்.

★ ஈவ் சர்வர் இருப்பது லண்டனில். உடன்குடியிலிருந்து சுமார் 8,500 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். எவ்வளவு நல்ல இணைப்பு என்றாலும் ஒரு கட்டளை போய்த் திரும்ப ஒரு நொடியில் பன்னிரண்டில் ஒரு பங்காவது ஆகிவிடும். சுட்டு விளையாடும் ஆட்டங்களில் இந்தத் தாமதம் நம் பிள்ளைகளைத் தோற்கடிக்கிறது. ஈவ் உலகின் கடிகாரமோ நொடிக்கு ஒருமுறைதான் அடிக்கிறது. அதற்குள் லண்டன்காரரின் கட்டளையும் நம்முடையதும் இரண்டுமே போய்ச் சேர்ந்துவிடும். தென்கோடிக்காரர்களுக்கு இப்படிச் சமமான வானம் அமைவது அபூர்வம். தூத்துக்குடிக்கும் கடலடிக் கேபிள் வந்தது, கவனித்திருக்கிறீர்களா? 2006-ல் தூத்துக்குடியையும் கொழும்பை ஒட்டிய கல்கிசையையும் ஒரு கண்ணாடி இழை கடலுக்கடியில் இணைத்தது.

★ குலசை தசராவுக்கு ஊர் ஊராக ‘தசரா குழு’ கிளம்பும். ஒருவர் காளி வேஷம் என்றால் ஆண்டுதோறும் அதே வேஷத்துக்குக் காப்புக் கட்டி, விரதமிருந்து, அதே குழுவோடு வீடு வீடாகக் காணிக்கை எடுத்து முத்தாரம்மன் கோயிலுக்குப் போவார். அது நேர்ச்சை, விளையாட்டு இல்லை. ஆனால் இந்தக் கரையில் வளர்ந்தவர்களுக்கு ஒன்று சொல்லாமலே புரியும். ஒரு வேடத்தில் மனிதரை வருஷக்கணக்காகக் கட்டிவைப்பது ஜிகினா இல்லை, கூட வரும் ஆட்கள். இருபது ஆண்டாக ஈவ் ஆடுகிறவர்களைக் கேட்டாலும் படத்தின் அழகைப் பற்றிப் பேசுவதில்லை. தங்கள் கூட்டத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

★ அந்தக் கூட்டத்தால் உலகத்துக்கும் பலன் உண்டு. 2016-ல் ஈவ் விளையாட்டுக்குள்ளேயே மனித உயிரணுப் படங்களைக் கொடுத்து, புரதம் எந்த இடத்தில் இருக்கிறது என்று வகைப்படுத்தச் சொன்னார்கள். ஒரே ஆண்டில் 3 லட்சத்துக்கு மேற்பட்டோர் சுமார் 3.3 கோடி முறை வகைப்படுத்திக் கொடுத்தார்கள். 2017-ல் புறக்கோள் தேடும் வேலை வந்தது. அதில் துணைநின்றவர்களில் ஒருவர் மிஷேல் மேயர். இரண்டு ஆண்டு கழித்து அவர் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார்.

★ மூடப்பட்ட வானங்களும் உண்டு. ‘எர்த் அண்ட் பியாண்ட்’ 2002 செப்டம்பரில் பிறந்து 2004 செப்டம்பரில் மறைந்தது. ஏறத்தாழ இரண்டு ஆண்டு. ‘ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ்’ 2003-ல் தொடங்கி 2011 டிசம்பர் 15 அன்று அணைந்தது. இரண்டுக்கும் ரசிகர்கள் பிறகு தாங்களாகவே சர்வர் எழுதி, உலகத்தை மறுபடி எழுப்பினார்கள். ஒவ்வொரு கதவும் ஒவ்வொரு கப்பலும் எப்படி இயங்கியது என்பதை நினைவிலிருந்தும் எஞ்சிய கோப்புகளிலிருந்தும் மீட்டெடுக்க எத்தனையோ இரவுகள் போயிருக்கின்றன. நிறுவனம் போகும்போது ஒரு சாவியை விட்டுப் போயிருந்தால் அத்தனை பாடு வேண்டியிருக்காது.

★ என் வீட்டு அலமாரியிலும் ஒரு குறுந்தகடு இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் என் இரண்டு மாதச் சேமிப்பைப் போட்டு வாங்கிய விண்வெளி விளையாட்டு. தகட்டில் ஒரு கீறல் இல்லை. கணினியில் போட்டால் திரை வரும், கடவுச்சொல் கேட்கும், ‘இணைக்க முடியவில்லை’ என்று நிற்கும். மறுமுனையில் ஆள் இல்லை. அந்த வானத்தில் எனக்கு ஒரு சரக்குக் கப்பல் இருந்தது. அம்மா பெயரை வைத்திருந்தேன்.

★ பாதுகாப்பாக இருக்கும் வானங்களும் உண்டு, அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். 1962-ல் எம்ஐடியில் எழுதப்பட்ட ‘ஸ்பேஸ்வார்’ உலகின் மிகப் பழைய கணினி விளையாட்டுகளில் ஒன்று. அதன் நிரலை யாரும் பூட்டி வைக்கவில்லை, கேட்டவருக்கெல்லாம் கொடுத்தார்கள். கலிஃபோர்னியாவில் உள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் பழுதுபார்த்த பிடிபி-1 என்ற அந்தக் காலக் கணினியில் அது இன்னமும் ஓடுகிறது. மைக்ரோசாஃப்ட் 2000-ல் வெளியிட்ட ‘அலீஜியன்ஸ்’ பலர் சேர்ந்து ஆடும் விண்வெளிப் போர். விற்பனையில் தோற்றது. ஆனால் நிறுவனம் 2004-ல் நிரலை வெளியே கொடுத்தது. ரசிகர்கள் அதை வாங்கி ஆண்டாண்டாக நடத்தினார்கள். 1999-ல் வந்த ‘ஃப்ரீஸ்பேஸ் 2’ விளையாட்டின் நிரல் 2002-ல் வெளிவந்தது. இன்று அதன் முகம் பிறந்தபோது இருந்ததைவிடப் பொலிவாக இருக்கிறது, எல்லாம் ஊதியமில்லாத கைகள் செய்தது.

★ ‘கெர்பல்’ இரண்டாம் பாகம் 2023 பிப்ரவரியில் பாதி வெந்த நிலையில் விற்பனைக்கு வந்தது. 2024-ல் அதைச் செய்த குழுவே கலைந்தது. முதல் பாகமோ இன்னமும் உயிரோடிருக்கிறது. அது தனியாள் விளையாட்டு, யார் சர்வரையும் நம்பியிருக்கவில்லை. பலர் சேர்ந்து ஆட வேண்டுமென்றால் ரசிகர்கள் செய்த ‘லூனா மல்ட்டிபிளேயர்’ இருக்கிறது. அதன் நிரல் எல்லாருக்கும் திறந்தது.

★ 2012-ல் அறிவிக்கப்பட்ட ‘ஸ்டார் சிட்டிசன்’ ரசிகர்களிடமிருந்தே 70 கோடி டாலருக்கு மேல் திரட்டியிருக்கிறது. இன்னும் முழுமையாக வெளிவரவில்லை. ஒரு சர்வரின் பாரத்தைப் பல சர்வர்கள் பகிர்ந்து சுமக்கும் நுட்பத்தை 2024 டிசம்பரில் ஆட்டக்காரர்களுக்குத் திறந்துவிட்டார்கள். எதிர்காலத்தின் நுட்பம் அதுதான் என்பதில் எனக்கு ஐயமில்லை. அத்தனை சர்வர்களையும் ஐம்பது ஆண்டு கழித்து யார் ஏற்றி வைப்பார்கள் என்ற இடத்தில்தான் கவலை வருகிறது.

★ 2024 மார்ச் 31 அன்று ‘தி க்ரூ’ என்ற கார்ப் பந்தய விளையாட்டின் சர்வரை அணைத்தார்கள். காசு கொடுத்து வாங்கியவர்கள் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. அதிலிருந்து பிறந்ததுதான் ‘விளையாட்டுகளைக் கொல்லாதீர்கள்’ என்ற இயக்கம். ராஸ் ஸ்காட் என்ற காணொளிப் படைப்பாளர் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் குடிமக்கள் மனுவில் 2025 ஜூலைக்குள் 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டிவிட்டார்கள். விளையாட்டை என்றென்றும் நடத்தச் சொல்லி அவர்கள் கேட்கவில்லை. மூடுகிற நாளில், வாங்கியவர் தாமே ஓட்டிக்கொள்ள வழி விட்டுப் போகச் சொல்கிறார்கள். நியாயமான கோரிக்கை. கலிஃபோர்னியாவில் 2025 தொடக்கம் முதல், நீங்கள் பெறுவது பொருள் அல்ல, உரிமம்தான் என்பதைச் சொல்லாமல் மின்னணு விளையாட்டை ‘வாங்குங்கள்’ என்று விற்கக் கூடாது. இந்தியாவில் 2025 ஆகஸ்டில் வந்த இணைய விளையாட்டுச் சட்டம் பணம் வைத்து ஆடுவதைத் தடை செய்து, மின்விளையாட்டுப் போட்டிகளையும் பொழுதுபோக்கு விளையாட்டுகளையும் ஊக்குவிக்க இடம் வைத்திருக்கிறது. ஊக்கம் கொடுப்பதோடு, வாங்கியவர் உரிமைக்கும் இங்கே ஒரு விதி வேண்டும் என்று நான் கேட்பேன்.

★ ராக்கெட்டையே கைமாற்றிக் கொடுக்கிறார்கள், தெரியுமா? எஸ்எஸ்எல்வி ராக்கெட்டைக் கட்டும் தொழில்நுட்பத்தைப் பெற 2025 ஜூனில் எச்ஏஎல் நிறுவனம் தேர்வானது. வரைபடங்களைக் கொடுத்தால் மட்டும் போதாது, இரண்டு ஆண்டுக்கு இஸ்ரோ கூடவே இருந்து கற்றுக்கொடுக்கும். ஒரு வடிவமைப்பு ஒரே வீட்டுக்குள் கிடந்தால் அந்த வீட்டோடு போய்விடும் என்பது ராக்கெட்காரர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

★ அந்த எஸ்எஸ்எல்வியின் முதல் பயணம் தோல்வி. 2022 ஆகஸ்ட் 7 அன்று 356 கிலோமீட்டர் வட்டப் பாதைக்குப் போக வேண்டியது, ஒருபுறம் 356, மறுபுறம் 76 கிலோமீட்டர் என்ற நீள்வட்டத்தில் சிக்கியது. இரண்டாம் நிலை பிரிந்தபோது எழுந்த அதிர்வில் உணரிகள் தடுமாற, அவை பழுதாகிவிட்டதாகக் கணினி முடிவெடுத்துவிட்டது. 76 கிலோமீட்டர் என்றால் காற்றுமண்டலத்துக்குள். செயற்கைக்கோள்கள் கீழே வந்துவிட்டன. அவற்றுள் ஒன்று ஆசாதிசாட், நாடெங்கும் 750 பள்ளி மாணவிகளின் கைவேலை. திருமங்கலம் அரசு பெண்கள் மேல்நிலைப்பள்ளி மாணவிகளும் அதில் உண்டு. அவர்கள் மறுபடி செய்தார்கள். 2023 பிப்ரவரி 10 அன்று ஆசாதிசாட்-2 சரியான பாதையில் போய்ச் சேர்ந்தது. ‘கெர்பல்’ ஆடிய எந்தப் பிள்ளைக்கும் அந்த ஆறு மாதம் எப்படி இருந்திருக்கும் என்று தெரியும்.

★ டீக்கடைப் பையனுக்கு நான் சொன்ன பெயர் ‘ஆர்பிட்டர்’. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் வேலை பார்த்த மார்ட்டின் ஷ்வைகர் 2000 நவம்பரில் இலவசமாக வெளியிட்ட விண்பயண ஒப்புருவாக்கி. சண்டை இல்லை, புள்ளி இல்லை, நியூட்டன் மட்டும் உண்டு. 2021-ல் நிரலையும் எல்லாருக்கும் திறந்துவிட்டார். ஆக அதை மூட இனி யாராலும் முடியாது. பழைய பதிப்புகள் அக்காவின் மடிக்கணினியிலேயே ஓடும். அதில் ஏவுதளங்கள் எல்லாம் சாதாரண உரைக்கோப்புகள். பூமிக்குரிய கோப்புறையைத் திறந்து, இருக்கிற ஒரு ஏவுதளக் கோப்பைப் பிரதி எடுத்து, பெயர் இருக்கும் வரியில் குலசை என்று மாற்றி, இடம் குறிக்கும் வரியில் முதலில் தீர்க்கரேகை 78.05, அடுத்து அட்சரேகை 8.40 என்று போட்டால் வேலை முடிந்தது. “அம்புட்டுத்தானா அண்ணாச்சி?” என்றான். அவ்வளவுதான். சேமித்துவிட்டு உலக வரைபடத்தைத் திறந்தால், கன்னியாகுமரிக்கு வடகிழக்கே, கடலோரத்தில், குலசை ஒரு புள்ளியாக நிற்கும்.